கணக்கில் வராத இருபது நிமிடங்கள்

சென்ற வாரம் ஆவணக்காப்பக வேலை குறித்து எழுதிய பதிவின் இடையே, காலையில் இருபது நிமிடம் கண்மூடி அமர்ந்துவிட்டுத்தான் கோப்புகளைத் திறக்கிறேன் என்று ஒரு வரி வந்துவிட்டது. நிலவருவாய்க் கோப்புகளைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் உள்பெட்டியில் 17 கேள்விகள். என்ன முறை, யாரிடம் கற்றீர்கள், கட்டணம் எவ்வளவு, எந்தச் செயலி, ஆய்வேட்டை முடிக்க உதவுமா? கேட்டவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருப்பவர்கள். ஒருவர் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தார்: "முயற்சியே இல்லாமல் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? முயல்வதற்கு இனி என்னிடம் ஒன்றுமில்லை." இந்தப் பதிவை அவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியின்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் வரலாற்று ஆய்வு மாணவி. எவரிடமும் தீட்சை பெற்றதில்லை. கோயங்கா மரபின் பத்து நாள் விபஸ்ஸனா முகாம்களுக்குச் சென்றுவந்த நண்பர்கள் இருக்கிறார்கள். பேசாமல், படிக்காமல், எழுதாமல் பத்து நாள் இருந்துவிட்டு வந்த அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அத்தனை நாள் விடுப்பும் அதற்கான வலுவும் வாய்க்காத ஒருவர், தம் வாடகை அறையிலேயே பாயின் மீதோ நாற்காலியிலோ அமர்ந்து செய்யத்தக்கதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

2021 ஏப்ரலில் தில்லியில் இருந்தவர்களுக்கு அந்த நாள்களை விளக்க வேண்டியதில்லை. முனீர்க்காவில், எதிர்வீட்டுச் சன்னலைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் என்னும்படியான சந்து ஒன்றில், மூன்றாம் மாடி அறையில் தனியாக இருந்தேன். நூலகம் மூடியிருந்தது, ஆவணக்காப்பகம் மூடியிருந்தது. ஆக்ஸிஜன் உருளை கேட்டும் மருத்துவமனைப் படுக்கை கேட்டும் கைப்பேசியில் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. இரவெல்லாம் ஆம்புலன்ஸ் ஒலி. முதலில் உறக்கம் போயிற்று, பிறகு வாசிப்பும் போயிற்று. ஒரு பத்தியை ஐந்து முறை படித்தும் அது எதைப் பற்றியது என்று சொல்ல இயலாத நிலை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, திருநெல்வேலியிலிருந்து அவள் சொன்ன மருந்து இது: "ஆச்சி சாயங்காலம் வெளக்கு வச்சிட்டுத் திண்ணையில உக்காந்திருப்பால்லா? அது மாதிரி உக்காரு. ஒண்ணும் பண்ணாத."

ஆச்சி அமர்ந்திருப்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு இருப்பாள். கண்கள் பாதி மூடியிருக்கும். உதட்டில் மந்திரம் ஏதும் அசையாது. "என்ன ஆச்சி பண்ணுதிய?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்பாள். கிணற்றடி, அடுப்படி, மாட்டுத்தொழுவம் என விடிந்தது முதல் ஓடிய ஒரு பெண்ணின் நாளில், எவருக்கும் எதையும் செய்துதர வேண்டாத நேரம் அது ஒன்றுதான். அவளை ஞானியாக்கும் எண்ணம் எனக்கில்லை. அதைத் தியானம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

'சும்மா' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பட்டியலிடும் வாட்ஸ்அப் செய்தி உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். அதைத் திரும்பச் செய்யப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் குறித்தாக வேண்டும். மதயானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்ற பொருள்படத் தாயுமானவர் பாடியிருக்கிறார். அவ்வளவு அரியதை ஆச்சி எப்படித் தினமும் செய்தாள் என்று சில காலம் குழம்பினேன். இப்போது எனக்குத் தோன்றுவது: தாயுமானவர் சொல்வது அடக்கி முடித்த பின் வாய்க்கும் நிலை. ஆச்சி எதையும் அடக்க முற்படவே இல்லை. மனம் அதன் போக்கில் பால்காரன் கணக்கையும் பேத்தியின் காய்ச்சலையும் எண்ணிக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் ஓரிடத்தில் இருந்தது. தொடங்குகிறவருக்கு அந்த இருப்பே போதும்.

நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான், மூச்சு என்னும் ஒரு பிடிமானம் மட்டும் கூடுதல். முதுகு நேராக இருக்கட்டும், வலித்தால் சுவரில் சாய்ந்துகொள்ளலாம். சம்மணம் முடியாதவர் நாற்காலியில் அமரலாம். கண்களை மூடிக்கொண்டு, தானாக வந்துபோகும் மூச்சை, நாசியிலோ வயிற்றிலோ எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே, தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மூச்சை நீட்டுவதில்லை, அடக்குவதில்லை, எண்ணுவதில்லை. இரண்டு மூன்று மூச்சுக்குள் மனம் போய்விடும். நெறியாளர் இன்னும் பதிலளிக்காத மின்னஞ்சலுக்கு, வாடகைக்கு, பத்தாம் வகுப்பில் ஒருத்தி சொன்ன சொல்லுக்கு. போயிருப்பது எப்போது தெரியவருகிறதோ அப்போது மூச்சுக்குத் திரும்பலாம். எவ்வளவு நேரம் போயிருந்தோம் என்ற விசாரணை வேண்டாம். கால் மரத்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அரித்தால் சொறிந்துகொள்ளுங்கள். உறக்கம் வந்தால் அன்று உடம்புக்குத் தேவை உறக்கம். இருபது நிமிடம் ஆனதும் உடனே எழாமல், கண்களைத் திறந்து சற்று அமர்ந்திருந்துவிட்டு எழலாம்.

மனம் அலைவதைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2010 இல் 'சயன்ஸ்' இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்கப்பட்டது. கேட்ட தடவைகளில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்யும்போதே பாதி நேரம் வெளியில் இருக்கும் மனம், கண்ணை மூடியதும் அடங்கி நிற்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை. அது போவதும் நாம் அதைத் தெரிந்துகொண்டு திரும்புவதும் சேர்ந்ததுதான் இந்தப் பயிற்சி.

இங்கே உள்பெட்டிக் கேள்விக்கு வருகிறேன். இதில் முயற்சி உண்டா, இல்லையா? பதஞ்சலியைப் புரட்டினால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. யோகசூத்திரத்தின் முதற்பாதத்தில் அப்பியாசத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, நிலைத்து நிற்பதற்கான 'யத்னம்', அதாவது முயற்சி, என்றே சொல்கிறார். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்பட வேண்டும் என்று அடுத்துச் சேர்க்கிறார். இரண்டாம் பாதத்தில் இருக்கையைப் பற்றிப் பேச வரும்போது சொல் மாறிவிடுகிறது. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும், அது 'பிரயத்ன சைதில்யத்தால்', முயற்சியின் தளர்வால், அமைகிறது என்கிறார். இது ஆசனத்தைப் பற்றிய சூத்திரம், தியானத்தைப் பற்றியதன்று என்று வடமொழி நண்பர்கள் எச்சரிப்பார்கள். எச்சரிக்கை சரியே. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. நாள்தோறும் பாயை விரித்து உட்காரும் வரையில்தான் முயற்சிக்கு வேலை. உட்கார்ந்த பின் அதன் வேலை முடிந்துவிட்டது, வாசலில் செருப்போடு அதையும் விட்டுவிடலாம்.

பாலி நூல்களில் இது இன்னும் நுட்பமாக இருக்கிறது. மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி சுத்தத்தில், முதல் இரு படிகளில், நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் துறவி 'அறிகிறான்'. மூன்றாம் படியிலிருந்துதான் வினைச்சொல் 'பயில்கிறான்' என்று மாறுகிறது. பதினாறு படிகள் உள்ள அந்த ஏணியில் நான் இன்னும் முதல் இரண்டில் இருக்கிறேன். அறிவதோடு சரி, பயிலவில்லை. நான்கு ஆண்டுகளில் இரண்டாம் படி என்பது எங்கள் துறையின் வேகத்துக்கு மோசமில்லை.

அங்குத்தர நிகாயத்தில் சோணர் என்ற துறவியின் கதை வருகிறது. செல்வக் குடும்பத்துப் பிள்ளை, துறவுக்கு முன் வீணை வாசித்தவர். பாதங்களில் இரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தும் பலன் காணாமல், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணுகிறார். புத்தர் அவரிடம் வீணையைப் பற்றியே கேட்கிறார். நரம்பை மிகவும் இறுக்கினால் இசை வந்ததா? மிகவும் தளர்த்தினால் வந்ததா? இந்த உவமையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் கதையில் என்னை நிறுத்துவது வேறு இடம். இரத்தம் வரும் கால்களோடு இருக்கும் ஒருவரிடம், "உன் உழைப்பு போதவில்லை" என்று அங்கே எவரும் சொல்லவில்லை. நம் துறைகளில் அந்தச் சொல்லைத்தான் முதலில் கேட்கிறோம்.

நவீன மருத்துவத்திலிருந்தும் ஒரு சான்று. ஹார்வர்டைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களை ஆராய்ந்து, அதன் சமயச் சூழலைக் களைந்துவிட்டு, 1975 இல் 'தி ரிலாக்சேஷன் ரெஸ்பான்ஸ்' என்ற நூலை எழுதினார். அமைதியான இடம், வசதியான இருக்கை, மனம் திரும்பி வர ஒரு சொல்லோ ஒலியோ, எது நடந்தாலும் நடக்கட்டும் என்ற மனப்பாங்கு ஆகிய நான்கையும் அவர் கேட்கிறார். நான்காவதையே மிக முக்கியமானதாகக் கருதினார். பத்து முதல் இருபது நிமிடம், உணவு உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம், அலாரம் வைக்க வேண்டாம், கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவை அவருடைய நடைமுறைக் குறிப்புகள். ஒரு மரபிலிருந்து எடுத்து அதன் பெயரை அழித்துவிட்டுப் புதுப்பெயர் சூட்டும் வழக்கத்தின்மீது, வரலாற்று மாணவி என்ற முறையில், எனக்கு மனத்தாங்கல் உண்டு. அலாரம் வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

ஆய்வாளர்களுக்கென்றே ஒரு தனிச் சோதனை இருக்கிறது. கண்மூடி அமர்ந்திருக்கும்போதுதான் நல்ல வாக்கியங்கள் வரும். ஒரு காலை, எட்டு மாதங்களாகத் தனித்தனியாக வைத்திருந்த இரு கோப்புகள், ஒன்று கர்ணம் ஒருவர் எழுதிய விண்ணப்பம், மற்றது வருவாய் வாரியத்தின் ஆணை, இரண்டும் ஒரே வழக்கைச் சேர்ந்தவை என்று பளிச்சென்று தெரிந்தது. எழுந்து குறித்துக்கொள்ளக் கை பரபரத்தது. எழவில்லை. மீதமிருந்த பன்னிரண்டு நிமிடமும் அதை மறந்துவிடுவேனோ என்ற பதைப்பிலேயே கழிந்தன, அன்று மூச்சு எங்கே இருந்தது என்றே தெரியாது. அந்த எண்ணம் மறையவில்லை, பிறகு இயலில் இடம்பெற்றது. வேறு பல எண்ணங்கள் மறைந்துபோயின. அவை இல்லாமலும் இயல் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது.

அருகில் குறிப்பேடு வைத்துக்கொண்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம், சட்டம் எதுவுமில்லை. நான் வைப்பதில்லை. குறிப்பேடு அருகில் வந்த கணமே அந்த இருபது நிமிடமும் ஆய்வு நேரமாகிவிடுகிறது, நல்ல எண்ணம் வராத நாள் வீண் நாளாகிவிடுகிறது. நம் வாழ்வில் மற்ற எல்லா மணிநேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பக்கம், எத்தனை கட்டுரை, எந்த இதழ், அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் எந்த வரி. படிக்கும் புதினத்தைக்கூட மேற்கோளுக்கு ஆகுமா என்று பார்த்துப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். எந்த அறிக்கையிலும் எழுத முடியாத இருபது நிமிடம் நாளில் ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்பதற்காகவே அமர்கிறேன். இதே காரணத்தால்தான் செயலிகளையும் தவிர்க்கிறேன். தொடர்ந்து எத்தனை நாள் அமர்ந்தீர்கள் என்று எண்ணிப் பாராட்டும் செயலி, நான் விட்டுவிட்டு வந்த நெறியாளர் வேலையை வேறு வேடத்தில் செய்கிறது.

சான்று கேட்பவர்களுக்கு: 2014 இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த தொகுப்பாய்வு, 47 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 3,515 பேர் பங்கேற்றவற்றை, ஆராய்ந்தது. மனநிறைவிழிப்புத் தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைக்கின்றன என்பதற்கு மிதமான சான்று இருப்பதாகக் கண்டது. மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற வழிகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஓரளவு, மிதமாக. விற்பவர்கள் இந்த இரு சொற்களையும் விட்டுவிடுவார்கள். 2020 இல் வெளிவந்த வேறொரு தொகுப்பாய்வு, 83 ஆய்வுகளைப் பார்த்து, தியானம் செய்தவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குப் பதற்றம், சோர்வு போன்ற பாதகமான விளைவுகள் ஏற்பட்டதாகச் சொல்கிறது. ஆகவே அமரும்போது நெஞ்சு படபடத்தாலோ, பழைய காயங்கள் கட்டுக்கடங்காமல் எழுந்தாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். எழுந்து நடங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது சற்றுக் கோபத்தோடு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்வி நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை ஏழு மாதம் நிலுவையில் இருந்தது. மாதம் 8,000 ரூபாய், அதுவும் வரவில்லை. அந்தப் பருவத்தில் நிர்வாகம் செய்த ஏற்பாடு, மன அழுத்தத்தைக் கையாள ஒரு தியானப் பயிலரங்கம். சமோசாவும் சான்றிதழும் கொடுத்தார்கள். வாடகை தர முடியாதவனின் பதற்றம் மூச்சுப் பிழையால் வந்ததன்று. 2018 இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்த ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள், பதிலளித்தனர். அவர்களில் 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம் காணப்பட்டது. தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் அதை அப்படியே எல்லோருக்கும் நீட்ட முடியாது. என்றாலும் நாடுகள் பல, துறைகள் பல என்னும்போது, இது தனித்தனி மனங்களின் கோளாறு என்று சொல்வது எளிதன்று. பாயில் அமர்வதும் நிலுவைக்காக மனு எழுதுவதும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்யக்கூடிய காரியங்கள். நானும் செய்திருக்கிறேன், மனுவை இரண்டாவதாக.

முயல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிய நண்பருக்குத் தனியாகவும் பதில் எழுதினேன். சோர்வு அந்த அளவுக்கு வந்த பின் தியானம் முதல் மருந்தாகாது, ஒரு மனிதரின் குரல்தான் முதல் மருந்து. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அம்மாவிடமோ அறைத்தோழியிடமோ பேச முடியுமானால் இன்னும் நன்று. உறங்க முடிகிற நாள்கள் திரும்பிய பின், விருப்பமிருந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. அழைத்திருக்கிறார்.

கடைசியாக, மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறது என்பவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும். மூச்சுதான் வேண்டும் என்றில்லை. நவம்பரில் தில்லிக் காற்று நாசியில் எரியத் தொடங்கியதும் நானே மூச்சை விட்டுவிட்டு ஒலிக்கு மாறிவிடுகிறேன். எந்த ஒலியையும் தேட வேண்டாம், விரும்ப வேண்டாம், வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், மனம் போனால் மறுபடி காதுக்கு. முனீர்க்காவில் ஒலிக்குப் பஞ்சமில்லை. ஆறரை மணிக்குக் கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார், சிறிது நேரத்தில் எதிர்ச்சன்னலில் குக்கரின் முதல் விசில், மாடிப்படியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம். பிறகு சந்து முனையில் காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்கும். அது கேட்டுவிட்டால் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று பொருள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன், தாமதித்தால் வெந்தயக்கீரை தீர்ந்துபோகும்.